பெத்தேல்விளையின் நாளாகமம்

ஜூலை 30, ஞாயிறு

ஆராதனையின் இறுதியில் ஆயர் இன்பராஜ் அறிவிப்பை வாசித்தார். நாய் படுத்திருக்கும் தெருவைக் கடப்பவர் போல வேகமாக வாசித்தார். வரும் நான்கு ஞாயிறு மாலைகளில் ஓய்வுபெற்ற எபிரெயப் பேராசிரியர் டாக்டர் எப்சிபா அம்மா அவர்கள், வேதாகமத்தின் வரலாற்று நூல்கள் உருவான விதத்தைப் பற்றி அருமைநாயகம் மண்டபத்தில் வகுப்பெடுப்பார்கள், பெண்கள் ஐக்கிய சங்கம் நடத்துகிறது, அனைவரும் வரலாம். ஆயர் என் மாணவர். எபிரெய வினைச்சொல் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண்ணை இருவருமே மறக்கவில்லை. ஆகவே ஒருவரிடம் ஒருவர் மிகுந்த மரியாதையுடன் நடந்துகொள்கிறோம்.

முப்பத்தொரு ஆண்டுகள் இறையியல் கல்லூரியில் இதையே கற்பித்தேன். கற்றவர்கள் தேர்வில் சரியாக எழுதினார்கள். குருப்பட்டம் பெற்ற அன்றே பட்டமளிப்பு அங்கியோடு சேர்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பிரசங்க பீடத்திலிருந்து ஒருவராவது அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சாமுவேல், ராஜாக்கள், நாளாகமம் ஆகிய நூல்களை யார், எப்போது, எதற்காகத் தொகுத்தார்கள் என்பதை, முன்வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் பெண்களுக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த வயதில் எனக்கு மீதமிருக்கும் ஆசை அது ஒன்றே. இன்னொரு வாய்ப்பு வராது.

சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி ஒரு நிபந்தனையோடு அனுமதித்திருக்கிறது: சங்கத் தலைவி நிறுத்தச் சொன்னால் வகுப்பு அன்றே நின்றுவிடும். சங்கத் தலைவி குணசீலி மைனி, என் அண்ணன் அருமைநாயகத்தின் மனைவி. நான் அவள் வீட்டில் இருக்கிறேன், அல்லது அவள் என் வீட்டில் இருக்கிறாள். இதைப் பற்றி இரு வேறு மரபுகள் உண்டு.

ஆகஸ்ட் 3, வியாழன்

குறிப்புகள் தயாரித்தேன். தண்ணீர்த் தொட்டியின் மிதவை பழுது. பழுதுபார்க்க வந்தவர் பாதி வேலையில் தேநீர் கேட்டார். மீதிப் பாதிக்கு நாளை வருவாராம்.

மண்டபத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கரும்பலகை பரவாயில்லை. அதற்கு நேர்மேலே அண்ணனின் படம். அவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இருபது ஆண்டுகள் சேகரச் செயலராக இருந்தவர். ஊருக்குக் குடிநீர்க் குழாயும் பெண்கள் பள்ளிக்கு மாடியும் கொண்டுவந்தவர். மண்டபத்துக்கு அவர் பெயர் இட்டது நியாயமே. படத்தின் கீழ்ப் பளிங்குக் கல்லில் அவருடைய சாதனைகள் பொறிக்கப்பட்டுள்ளன. முதல் வரி: “1969 அசனப் பண்டிகையில் மதங்கொண்ட காளையை வெறுங்கையால் அடக்கிய வீரர்.”

அசனம் என்பது கோயில் பிரதிஷ்டை நாளில் ஊரே வரிசையாக உட்கார்ந்து உண்ணும் விருந்து. அன்றைய தினம் நான் அங்கிருந்தேன். அது காளை அல்ல, கிடா. இந்த ஒரு திருத்தத்துக்கு மேல் எனக்கு அக்கறை இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

முதல் வகுப்பு. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம், மழை வரும்போல் இருந்ததால் ஒதுங்கியவர்களும் அதில் அடக்கம்.

கதையோடு தொடங்கினேன். யோசியா ராஜா எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கிறார். மராமத்து நடக்கும்போது பிரதான ஆசாரியன் ஒரு தோல்சுருளைக் கண்டெடுக்கிறான். இன்று நம் கையிலுள்ள உபாகமத்தின் மையப் பகுதியாக அது இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறார். இது ஆண்டவருடைய வார்த்தைதானா? யாரைக் கேட்பது? பெரிய தீர்க்கதரிசி எரேமியா அப்போது உயிரோடிருக்கிறார். அவரிடம் போகவில்லை. உல்தாள் என்ற பெண்ணிடம் போகிறார்கள்.

“ஒரு நூலைப் பார்த்து, ஆம், இது வேதம்தான் என்று சான்று சொன்ன முதல் ஆள் ஒரு பெண்” என்றேன். “அவளுடைய கணவன் சல்லூம். வஸ்திரசாலையைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.”

“அப்பம் அயர்ன்காரரா டீச்சர்?” என்றாள் அன்னபாக்கியம். தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவள். ஊரார் கடிதங்களை உறையைப் பார்த்தே படித்துப் பழகியவள்.

“அரண்மனை அயர்ன்காரர் என்று வைத்துக்கொள்.”

“அரண்மனைன்னாலும் அயர்ன் அயர்ன்தான. அவ படிச்சவ, அவரு துணி மடிக்காரு. நல்ல குடும்பம்.”

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. முன்வரிசையில் மைனியும் சிரித்தாள். செயலர் மோசே பொன்னையா மட்டும் சிரிக்கவில்லை. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். கழுத்தில் விசில் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே உட்காருவார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். மைனிக்கு உல்தாளைப் பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இரண்டாம் வகுப்பு. நன்றாகத்தான் தொடங்கியது.

சாமுவேலின் புத்தகத்தைச் சாமுவேல் எழுதியிருக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்று கைகள் உயர்ந்தன. முதல் புத்தகத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். முதல் வசனத்திலேயே சாமுவேல் இறந்து அடக்கம் பண்ணப்படுகிறார். அதற்குப் பின்னும் கதை தொடர்கிறது. இரண்டாம் புத்தகம் முழுவதும் தொடர்கிறது.

“தன்னை அடக்கம் பண்ணுனதுக்கு அப்பறமும் எழுதுனாருன்னா பெரிய எழுத்தாளருதான்” என்றாள் அன்னபாக்கியம்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மோசேயும் அப்படித்தான், அவருடைய சாவு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் நூலிலேயே இருக்கிறது என்றேன். மோசே பொன்னையா வாத்தியார் தம்முடைய சாவையே அறிவித்துவிட்டது போல எழுந்தார்.

“அம்மா, எங்க அய்யா எனக்குச் சும்மா மோசேன்னு பேர் வைக்கல. அஞ்சு புஸ்தகம் எழுதுனவரு பேருன்னுதான் வச்சாவ. இப்பம் இல்லங்கிய. அப்பம் நான் யாரு?”

“நீங்கள் பொன்னையா” என்றேன்.

கூட்டம் சிரித்தது. மைனி சிரிக்கவில்லை. முடிவு ஜெபத்தில், “மேட்டிமையான நாவுகளை அடக்கும், கர்த்தாவே” என்று வேண்டிக்கொண்டாள். ஒருமையில் சொல்லியிருக்கலாம், யாருடைய நாவு என்பதில் குழப்பமில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

உப்புமா.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மறுபடியும் உப்புமா. எனக்கு அது ஆகாது என்பது இந்த வீட்டில் ஐம்பதாண்டுகளாக அறியப்பட்ட உண்மை.

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புகையில் பொன்னையா வாத்தியார் வழிமறித்தார்.

“பண்டிகைக்கு முந்தி ஊருக்குள்ள குழப்பம் வேண்டாம்னு பாக்கேன். உங்க மைனி ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும். சொல்ல வைக்காதிய.”

“வகுப்பில் எது தவறென்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.”

“தப்புன்னு எங்க சொன்னேன்? சரியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு.”

இந்த மனிதரை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன் போலும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

மைனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“சாமுவேல் எழுதல, மோசே எழுதலன்னா, பொறவு யாருதான் எழுதுனா? அனாமத்தா வந்துதா?”

“நிறையப் பேர் எழுதினார்கள் மைனி. அரண்மனையில் எழுதினவன், ஆலயத்தில் எழுதினவன், ஊர் ஊராகக் கதை சொன்னவன். பிறகு ஒருவன் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தான். தையல் தெரிகிற இடம் தெரியும். தைத்தவன் பெயர் தெரியாது.”

“பேரு போடாம எதுக்கு எழுதுனான்?”

“பேருக்காக எழுதவில்லை.”

கீரை உருவுவது சற்று நின்றது. “நீ மட்டும் உன் புஸ்தகத்துல எல்லாம் டாக்டர்னு பெரிசா போட்டுருக்கியே” என்றாள்.

இரவு தோசை. முறுகலாக.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மூன்றாம் வகுப்பு ராஜாக்களின் புத்தகம். பாதுகாப்பான பொருள் என்று கருதினேன்.

அந்த நூலைத் தொகுத்தவன் நேர்மையானவன். தான் எங்கிருந்து எடுத்தேன் என்பதை மறைப்பதில்லை. மற்ற வர்த்தமானங்கள் ராஜாக்களின் நாளாகமப் புஸ்தகத்தில் எழுதியிருக்கின்றன என்று சொல்லிச்சொல்லிப் போவான். அவன் குறிப்பிடும் ஏடுகள் எல்லாம் தொலைந்துவிட்டன, அவை நம் வேதாகமத்து நாளாகமம் அல்ல. ‘இந்நாள்வரைக்கும் அப்படியே இருக்கிறது’ என்று அவன் எழுதும் இடமெல்லாம், அவன் பிற்காலத்தவன் என்பதை அவனை அறியாமலே சொல்லிவிடுகிறான். கடைசிக் காட்சியில் நாடு போய்விட்டது, ஆலயம் எரிந்துவிட்டது. பாபிலோனில் ஒரு முன்னாள் ராஜா சிறையிலிருந்து விடுதலையாகி அந்நிய ராஜாவின் பந்தியில் சாப்பிடுகிறார். எல்லாம் போன பிறகுதான் ஒருவன் உட்கார்ந்து, இது எப்படி நேர்ந்தது என்று முதலிலிருந்து எழுதிப் பார்த்திருக்கிறான். இதை நான் சொன்னபோது மண்டபத்தில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இவர்களுக்குப் புரியாது என்று என் மாணவர்கள் எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்!

கதைகள் வளரும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டும் தந்தேன். ராட்சதன் கோலியாத்தின் உயரம் நம் வேதாகமத்தில் ஆறு முழமும் ஒரு சாணும். சாக்கடல் குகையில் கிடைத்த மிகப் பழைய சுருளில் நான்கு முழமும் ஒரு சாணும்தான்.

“ரெண்டு முழம் எப்படிக் கூடுச்சு?” என்று ஒருவர் கேட்டார்.

“சொல்லச்சொல்ல வளர்ந்திருக்கிறான்.”

“நம்ம ஊர்க் காளை மாதிரியா?” என்றாள் அன்னபாக்கியம், அண்ணனின் படத்தைப் பார்த்தபடி. “எங்கம்மா சொல்லும்போ கிடான்னுதான் சொல்லுவா. இப்பம் சண்டே ஸ்கூல்ல காளை ரெண்டு பேரக் குத்திட்டுன்னு நாடகம் போடுதாவ.”

நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். மைனி குடையை மடக்கி விரித்து மடக்கினாள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

மழை. வலது மணிக்கட்டில் பழைய சுளுக்கு. ஒவ்வொரு மழைக்கும் செய்வதைப் போல மைனி கேளாமலே தைலம் தேய்த்துவிட்டாள். இன்று வழக்கத்தைவிட அழுத்தமாக.

ஆகஸ்ட் 23, புதன்

கடைசி வகுப்புக்கு நாளாகமம். இந்த நூலை நான் நாற்பதாண்டுகளாக வெறுத்துவந்திருக்கிறேன். சாமுவேலும் ராஜாக்களும் சொன்ன அதே கதையைத் திரும்பச் சொல்கிறான். ஆனால் தாவீது பிறன் மனைவி பத்சேபாளை அழைப்பித்தது இல்லை, அவள் கணவன் உரியாவைக் கொல்வித்தது இல்லை, மகன் தகப்பனுக்கு விரோதமாக எழும்பியது இல்லை. தாவீதுக்கு வெள்ளையடித்து நிறுத்தியிருக்கிறான். மாணவர்களிடம் இவனைச் சுண்ணாம்புக்காரன் என்றே குறிப்பிடுவேன்.

மாலைக் காப்பியின்போது மைனியிடம் இதைச் சொன்னேன்.

“அவனுக்குத் தாவீது என்ன வேணும்? சொந்தமா?”

“சொந்தமெல்லாம் இல்லை. அறுநூறு எழுநூறு வருஷம் கழித்துப் பிறந்தவன்.”

“பொறவு எதுக்கு மறைச்சான்?”

இதற்கு என்னிடம் ஆயத்தமான விடை உண்டு. சொன்னேன். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் வந்தார்கள். ராஜா இல்லை. ஆலயம் சிறியது, பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த கிழவர்கள் புதியதைக் கண்டு அழுதார்கள். பாரசீகனுக்கு அடங்கிய சின்ன மாகாணம். தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு தாத்தா வேண்டியிருந்தது.

மைனி காப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

“அவனுக்கு உண்மை தெரியுமா எப்சி?”

“நன்றாகத் தெரியும். சாமுவேல் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறான்.”

“அந்தப் பழைய புஸ்தகத்தக் கிழிச்சானா?”

“இல்லை.”

“கிழிக்கலல்லா” என்றாள் மைனி. “அப்பம் அவன அவ்வளவு ஏசாத.”

முப்பத்தொரு ஆண்டுகளில் எந்த மாணவனும் இந்த வாதத்தை முன்வைத்ததில்லை. சுண்ணாம்புக்காரன் என்ற சொல்லைக் குறிப்பிலிருந்து அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

வகுப்பில் வேறென்ன சொல்லப்போகிறாய் என்று மைனி கேட்டாள். கோலியாத்தைக் கொன்றது யார் என்பதை, என்றேன்.

“தாவீது. இதுல என்ன கேள்வி?”

தாவீது கொன்றதாகச் சொல்லும் புகழ்பெற்ற அதிகாரம் ஒன்று. இரண்டாம் சாமுவேலின் கடைசிப் பகுதியில், மிச்சம் மீதியெல்லாம் சேர்த்துவைத்த இடத்தில், யாரும் வாசிக்காத ஒரு வரி இன்னொன்று. பெத்லெகேம்காரனான எல்க்கானான் கோலியாத்தைக் கொன்றான் என்கிறது அந்த வரி. எல்க்கானான் தாவீதின் போர்வீரர்களில் ஒருவன். அவனைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை. வேலை எல்க்கானானுடையது, பெயர் காலப்போக்கில் தாவீதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். பெரிய பெயருக்கு அப்படி ஓர் ஈர்ப்பு உண்டு.

மைனி நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைத் தள்ளிவைத்தாள். “இத நீ வேணும்னே எடுத்தியா?” என்றாள்.

பாடத்திட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே உள்ளது என்றேன். அது உண்மை.

பிறகு அறையில் உட்கார்ந்து, இந்தப் பகுதியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். எல்க்கானான் இல்லாமல் அந்த வகுப்பு நிற்காது. புலமை நேர்மையை முன்னிட்டு நீக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 26, சனி

பொன்னையா வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கோலியாத் விவகாரம் எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. மைனியிடம் முன்னறையில் பேசினார். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை மடித்தேன்.

“தாவீது கொல்லலன்னு கோயில் மண்டபத்துல சொன்னா நாளைக்குச் சண்டே ஸ்கூல் பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்ல? நிறுத்தச் சொல்லுங்க மைனி. உங்க ஒரு வார்த்த.”

“ஞாயித்துக்கிழம சொல்லுதேன்.”

“இப்பம் சொன்னா என்ன?”

“ஞாயித்துக்கிழம சொல்லுதேன்னேன்லா. மோர் குடிக்கியளா?”

நாளை கடைசி வகுப்பு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டுக்கும் ஆயத்தமாக இருக்கிறேன். சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன். எப்படியும் ஆராதனைக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. ஆயர் இன்பராஜ் வாசற்படி ஓரத்தில், இரு பக்கமும் போக வசதியான இடத்தில் நின்றார்.

நாளாகமத்தைப் பற்றி மரியாதையாகவே பேசினேன். பிறகு எல்க்கானானுக்கு வந்தேன். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘கோலியாத்தின் சகோதரனை’ என்று இருக்கிறது. சாமுவேலின் எபிரெயத்தில் அங்கே சகோதரன் இல்லை. அந்தச் சகோதரன் நாளாகமத்திலிருந்து வந்தவன். பெத்லெகேம்காரன் என்ற எபிரெயச் சொல்லின் பின்பாதியைப் பிய்த்து, லாகேமி என்று ஓர் ஆளாக்கி, அவனைக் கோலியாத்துக்குத் தம்பியாக்கியிருக்கிறது நாளாகமம். இப்போது தாவீது கொன்றது அண்ணனை, எல்க்கானான் கொன்றது தம்பியை, சண்டை தீர்ந்தது.

“விளங்கலையே டீச்சர்” என்றது பின்வரிசை.

“பெத்தேல்விளைக்காரி வந்தாள் என்று நான் எழுதுகிறேன். பின்னால் வந்த ஒருவர் அதைப் பிரித்து, பெத்தேலும் அவள் தங்கச்சி விளைக்காரியும் வந்தார்கள் என்று எழுதுகிறார். அவ்வளவுதான்.”

“அப்பம் இல்லாத தங்கச்சிக்கும் சேத்துப் பொங்கிப் போட்டுருக்கோம்” என்றாள் அன்னபாக்கியம்.

பொன்னையா வாத்தியார் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது, கோபம் அல்ல, நிஜமான வேதனை.

“அம்மா, நேரா கேக்கேன். தாவீது செய்யாதத செஞ்சான்னு எழுதிருக்குன்னா அது பொய்தான? பொய் எழுதுன புஸ்தகத்தயா நான் தெனமும் காலைல முழங்கால் போட்டு வாசிக்கேன்?”

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. என்னிடம் விடை இருந்தது: வாய்மொழி மரபு, தொகுப்பாசிரியரின் நோக்கம், வீரக் கதைகளின் இயல்பு. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் குறிப்புகளை மடித்து வைத்தேன்.

“தலைவி சொல்லட்டும்” என்றார் அவர். “நடத்தணுமா, நிறுத்தணுமா?”

மைனி எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“1969 அசனத்துக்கு நான் புதுப்பொண்ணு. ஏலத்துக்கு வந்த கிடா கயத்த அத்துக்கிட்டு ஓடுச்சு. கிடா. காளை இல்ல. பந்தில பிள்ளையளா உக்காந்துருக்கு. எல்லாரும் ஓடுதாவ. ஒரு ஆளு மட்டும் குறுக்க போயி கொம்பப் பிடிச்சு, அது இழுத்த இழுப்புல கீழ விழுந்து, அப்பமும் விடல. கை பெசகிட்டு.” என்னைச் சுட்டினாள். “இவதான் பிடிச்சா.”

“அப்பம் அருமைநாயகம் சார்வா எங்க இருந்தாவ?” என்று அன்னபாக்கியம் மெல்லக் கேட்டாள்.

“பூவரச மரத்துல.”

முதலில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. படத்திலிருந்த அண்ணனைப் பார்த்தார்கள். மைனியே சிரித்தாள், அதன் பிறகு மண்டபம் உடைந்தது. ஆயர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

“மறுநா எங்கப்பா வந்தாவ. மாப்பிள்ள சோப்ளாங்கின்னு முன்னாலேயே முணுமுணுத்தவிய. எம் புருசன் மரத்துல ஏறுனாவன்னு எப்படிச் சொல்லுவேன்? அவியதான் பிடிச்சாவன்னு சொல்லிட்டேன். ஒரு தடவதான் சொன்னேன். பொறவு ஊரே சொல்லிச்சு. அவிய வேண்டாம்னு எத்தனையோ மட்டம் சொன்னாவ. இவ ஒரு நாளும் ஒண்ணும் சொல்லல. நான் சாவுறதுக்கு முந்தி யாராவது கேப்பாவளான்னு பாத்தேன். இன்னைக்கு வாத்தியார் கேட்டுட்டாவ.” பொன்னையாவைப் பார்த்தாள். “நான் பொய் சொன்னேன்தான். ஆனா அவிய குழாய் கொண்டாந்தது பொய்யா? பள்ளிக்கூடம் பொய்யா?”

“இல்ல மைனி” என்றார் அவர்.

“பொறவென்ன? தாவீதுக்கு வேற வேல இல்லாமயா இருந்துச்சு?”

பொன்னையா வாத்தியார் பளிங்குக் கல்லைப் பார்த்தார். “அப்பம் மண்டபத்துப் பேர மாத்தணுமா?”

“கிடாவுக்காகவா மண்டபம் கட்டுனோம்? பேரு கெடக்கட்டும். கல்லுல கீழ எடம் இருக்குல்லா. சின்னதா இவ பேரப் போட்டுருங்க. யாரும் வாசிக்க மாட்டாவ. ஆனா இருக்கணும்.” உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள். “வகுப்பு நடக்கட்டும். நாலு வாரம் காணாது. முதல்லேருந்து, ஆதியாகமத்துலேருந்து நடத்தட்டும்.”

நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். மேற்கோள் தவறாமல் இருக்க வேண்டும் என்பதால், மேல்வரியிலும் காளை என்பதைக் கிடா என்று திருத்தினால் போதும் என்றேன். சுண்ணாம்புத்தூள் கண்ணில் விழுந்திருந்தது. மட்டமான சாக்பீஸ்.

ஆகஸ்ட் 30, புதன்

மூன்று நாட்களுக்குள் கிடாக் கதைக்கு மூன்று பாடபேதங்கள் உருவாகிவிட்டன. ரொட்டிக் கடையில்: நான் காளையை ஒரே கையால் பிடித்தேன், மறு கையில் வேதப்புத்தகம் இருந்தது. ஆயரின் மனைவியிடம்: பூவரசில் ஏறியது அருமைநாயகம் அல்ல, அப்போதைய செயலர். பொன்னையா வாத்தியார் எல்லாவற்றிலும் சிறந்தவர்: அண்ணன் மரத்தில் ஏறியது கிடாவைக் கவனித்து எனக்கு வழிகாட்டத்தானாம். நேரில் பார்த்த இருவர் உயிரோடிருக்கையிலேயே இப்படி.

அவரே ஆதியாகம வகுப்புக்கு நாற்காலி எண்ணிக் கொடுத்திருக்கிறார். மோசேயைப் பற்றிப் பேசும் வாரத்தில் தமக்கு வெளியூரில் ஒரு வேலை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மைனியின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். செய்தி அங்கேயும் போய்விட்டது. மைனி கூடத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தொலைபேசியில் மெதுவாகப் பேச வராது.

“ஆமாட்டி, உங்க எப்சி ஆச்சிதான் பிடிச்சா... யாரு, தாத்தாவா? அவிய எங்க சும்மா இருந்தாவ? மரத்துலேருந்து குதிச்சு ஓடியாந்தாவல்லா. ஒரு கொம்ப இவ பிடிச்சா, மத்தக் கொம்ப அவிய பிடிச்சாவ. ரெண்டு பேருமாச் சேந்துதான்.”

நான் திருத்துவதற்காக எழுந்தேன். இரண்டு மரபுகளை இப்படி ஒட்டவைப்பதை எதிர்த்துக் கட்டுரை எழுதியவள் நான். கதவு வரை போனேன். மைனி என்னைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை, குரலை மட்டும் சற்றுத் தாழ்த்தினாள், என் அனுமதிக்குக் காத்திருப்பவள் போல.

கிடாவுக்கு இரண்டு கொம்புகள் இருந்தது உண்மை.

காப்பி ஆறிக்கொண்டிருந்ததால் திரும்பி வந்துவிட்டேன்.